மூன்றரை லிட்டர்

எங்கள் மொழியில்
என் பெயரின் முன்பாதிக்குக் கல் என்று பொருள்.
ஸ்டெயின்வோர்.
பித்தப்பையில் பதினோரு கல் என்று ஸ்கேன் காட்டியபோது
முதலில் சிரித்தது நான்தான்.

அகுரேரி ஆஸ்பத்திரி. டிசம்பர்.
பதினொன்றரைக்கு விடிந்து
மூன்று மணிக்குக் கடையைக் கட்டிவிடும் பகல்.
டாக்டர் ஹால்முந்துர் ஒரு தாளில் வயிறு வரைந்தார்,
உருளைக்கிழங்கு போல இருந்தது.
நான்கு துளை. ஒன்றின் வழியே வாயு, மூன்றரை லிட்டர்.
"கூடாரம் மாதிரித் தூக்கி நிறுத்துவோம்.
கருவி புரள உள்ளே இடம் வேண்டுமே."
என்ன வாயு என்றேன்.
சொன்னார்.

அதை நான் கிலோக் கணக்கில் வாங்குகிறேன், டாக்டர்.
தக்காளிக்கு.
கண்ணாடிக்கு வெளியே பனி அறைய
உள்ளே விளக்குகள் எரிய
காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டால்
நாலாயிரம் செடி சத்தமில்லாமல் குடிக்கும்.
அளவு கூடினால் தலை வலிப்பது எனக்குத்தான்.
உலகமே அதைத் திட்டுகிறது.
எனக்கு அது மாதக் கடைசியில் வரும் பில்.

"வெறும் காற்று போதாதா? அது ஓசிதானே."

பேனாவை மூடினார்.
காற்று, கிளம்பத் தெரியாத விருந்தாளி.
தப்பித்தவறி ரத்தக்குழாயில் நுழைந்தால்
ஆளையே அடைத்துவிடும்.
இது ரத்தத்தில் கரைந்து நெஞ்சுக்கு ஏறிவிடும்.
"மிச்சத்தை நீங்களே ஊதித் தள்ளிவிடுவீர்கள்.
சூடு வைக்கும்போது தீயும் பிடிக்காது."
தீ என்ற சொல்லை அவர் கடைசியில் வைத்திருக்க வேண்டாம்.

அந்த ஐம்பது நிமிடம் என்னிடம் இல்லை.
ஃபியோலாவிடம் இருக்கிறது.
மயக்கம் கொடுத்தவள். மறுநாள் வந்து சொன்னாள்:
திரையில் என் மூச்சு ஒவ்வொன்றும் ஒரு குன்று,
எங்கள் ஊர் மலைகளைப் போலவே உச்சி தட்டையாக.
வயிற்றில் வாயு ஏற ஏற
குன்றுகள் உயர்ந்தனவாம்.
இயந்திரத்தைக் கொஞ்சம் வேகமாக
மூச்சுவிடச் சொன்னாளாம்.
நான் வால்வடியில் மீட்டரைப் பார்த்து நிற்பதுபோல்
ஒருத்தி என்னைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

இரவில் வலித்தது வயிறு அல்ல,
வலது தோள்.
தோளை யாரும் தொடவில்லையே?
தங்கிப்போன வாயு உதரவிதானத்தின் அடியில் உரச,
நரம்பு விலாசம் தப்பி
அந்தக் கடிதத்தைத் தோளில் போட்டுவிடுகிறதாம்.
"நடங்கள், சரியாகும்."

நடந்தேன்.
நடைபாதையில் இன்னொரு ஆளும் நடந்துகொண்டிருந்தார்,
ஆர்ன்கிரிமுர், காட் மீன் பிடிப்பவர்.
குடலுக்குள் கேமரா விட்டுப் பெரிய கட்டி ஒன்றை அறுத்ததால்
ஒரு ராத்திரி நிறுத்தி வைத்திருந்தார்கள்.
"பதினைந்து வருஷத்துக்கு முன்னால்
வெறும் காற்றைத்தான் ஊதினார்கள்.
கரை ஒதுங்கிய திமிங்கிலம் மாதிரிக் கிடந்தேன்.
பெண்டாட்டி தலையணையோடு வேறு அறைக்குப் போய்விட்டாள்."
இன்றைக்கு?
"உங்கள் தக்காளி குடிப்பதைத்தான் ஊதினார்களாம்.
மத்தியானமே மீன் சூப் குடித்தேன்."
குரலில் லேசான ஏமாற்றம்.
துறைமுகத்தில் போய்ச் சொல்ல
இந்த முறை கதை ஒன்றுமில்லை.

ஆறாம் நாள் கண்ணாடி வீட்டுக்குப் போனேன்.
எதையும் தூக்காதே என்றான் கேட்டில்.
கணக்குப்படி அந்த மூன்றரை லிட்டர்
எப்போதோ என்னை விட்டுப் போயிருக்கும்,
பாதி ஆஸ்பத்திரிக் கூரைக் குழாய் வழியாக,
மீதி அந்த நடைபாதையில்.
தெரியும்.
தெரிந்தும் மூன்றாம் வரிசையில்
பூவெடுத்திருந்த ஒரு செடிப்பக்கம் குனிந்து,
தையல் இழுக்க,
நீளமாய் ஒரு மூச்சு விட்டேன்.
இலை அசைந்தது.

நிமிர்ந்தால், மீட்டர் நானூற்றிருபதில் நிற்கிறது.
வால்வைத் திறக்கவே இல்லை அவன்,
ஆறு நாளாக!
கத்தினேன்.
வயிறு வலித்தது.
தோள் வலிக்கவில்லை.